பாத்திரங்கழுவும் யந்திரம்

நம் இல்லத்துப் பாத்திரங்கழுவும் யந்திரத்திலிருந்து, சென்ற மாதம், கிண்ணங்கள் குழம்புப் பிசுக்கோடும் தட்டுகள் சோற்றுப் பருக்கையோடும் வெளிவரலாயின. யந்திரம் கெட்டதென்றனர் சிலர். அடுக்கத் தெரியவில்லையென வீட்டுப் பெண்களைக் குறைகூறினர் வேறு சிலர். நாமோ காரணத்தைத் தேடினோம்.

இவ்வியந்திரம் பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை. சுடுநீரை வீசியே கழுவுகிறது. அமெரிக்க மாதரசி ஜோசபின் காக்ரேன் 1886இல் காப்புரிமை பெற்ற யந்திரமும் இம்முறையினதே. இக்காலத்து யந்திரத்தில், அடியில் சேரும் நீரே வடிகட்டியின் வழியாக மீண்டும் மீண்டும் மேலே செல்கிறது. வடிகட்டி அடைபடின் அழுக்கு நீரன்றோ பாத்திரங்களை நனைக்கும்?

மின்சாரத்தை நிறுத்தி, கீழ்த்தட்டை அகற்றி, வடிகட்டியைத் திருகி எடுத்தோம். உறைந்த எண்ணெயும் கறிவேப்பிலையும் அதில் அப்பியிருந்தன. சவர்க்காரமும் வெந்நீரும் இட்டுப் பழைய பற்தூரிகையால் தேய்த்தோம். நீர் வீசும் சுழல்கையின் துளைகளிற் சிக்கிய கடுகைப் பற்குச்சியால் அகற்றினோம். அக்கை தடையின்றிச் சுழலுமாறு பெரிய சட்டியை ஓரமாக வைத்தோம். மறுமுறை பாத்திரங்கள் பளிச்சென வெளிவந்தன.

யந்திரத்தின் அடைப்புக்கும் பெண்கள்மீதே பழி சுமத்துதல் நீதியோ? வாரந்தோறும் வடிகட்டியைக் கழுவ ஆடவரின் கைகளும் போதுமே!