களஆய்வில் மலிவுக் கேமரா

மலிவு விலைக் கையடக்க டிஜிட்டல் கேமராவைப் பழிப்போர் முதலில் சுட்டுவது அதன் சென்சாரின் அளவை. பெரும்பாலானவற்றில் அது ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் உடையது. 36க்கு 24 மி.மீ. முழுச்சட்ட சென்சாரின் பரப்பில் இது முப்பதில் ஒரு பங்கு. மெகாபிக்சல் 8 ஆக இருந்து 12, 16 என ஏறியபோதும் அந்தச் சில்லு வளரவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டும் ஒளியே சுருங்கிற்று. எனவே அந்தி வேளையில் குடிசைக்குள் எடுத்த படம் மணல் தூவியதுபோல் வரும். பழி நியாயமானதே.

ஆயினும் மொழிக் களஆய்வாளருக்கு அச்சிறுமையே துணை. சிறிய சென்சாரில் அண்மையும் சேய்மையும் ஒருங்கே துலங்கும்: கூடை முடையும் மூதாட்டியின் முகம், விரல்கள், மூங்கில் கீற்று, பின்னால் சாத்திய அரிவாள் அனைத்தும். பெரிய கேமரா பின்னணியை மங்கலாக்குவது அழகுதான். ஆனால் எந்தக் கருவிக்கு எந்தப் பெயர் என்று ஆறு மாதம் கழித்துச் சரிபார்ப்பவருக்கு அம்மங்கலில் தொலைவது ஒரு சொல்லின் பொருள். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரியில் இயங்கும் வகை என்றால் மின்சாரமற்ற ஊரிலும் கவலையில்லை. (பெட்டிக்கடையின் மலிவு பேட்டரி சில படங்களிலேயே ஓய்ந்துவிடும் என்பது வேறு கதை.)

உண்மையான குறை எவரும் பேசாத இடத்தில் இருக்கிறது: ஒலிவாங்கி. பழைய மலிவுக் கேமராக்கள் பல, காணொளியின் ஒலியை விநாடிக்குச் சுமார் 11,000 முறை மட்டுமே அளந்து பதிந்தன. அவ்வாறு பதிந்தால் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மீளாது. உரசொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் கூறுகளில் பல அதற்கு மேல்தான் உள்ளன. நீலகிரியின் தோடா மொழி 'ஸ்', 'ஷ்' போன்ற உரசொலிகளில் மட்டும் நான்கை வேறுபடுத்துகிறது. கேமராவின் ஒலியை மட்டும் நம்பிப் பதிவுசெய்தால், உதடசைவு தெரியும். எந்த ஒலி என்பது தெரியாது. கதை சொன்ன முதியவர் அடுத்த பருவத்தில் இருப்பார் என்ற உறுதியும் இல்லை.

ஆகவே, பணம் குறைவாயின் கேமராவில் மிச்சப்படுத்தி, அந்த மிச்சத்தில் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்குவதே தக்கது. இரண்டையும் இயக்கிவிட்டுத் தொடக்கத்தில் ஒருமுறை உரக்கக் கைதட்டினால், படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.