உருவமில்லா ஓவியம்

ஓவியமென்றால் அதில் ஓர் உருவம் இருத்தல் வேண்டும்; கண்டவுடனே அதன் பெயரைச் சொல்லுதல் கூடவேண்டும். இதுவே நம்மிற் பெரும்பாலோர் கொண்ட துணிபு. ஆதலின், வண்ணங்களேயன்றி வேறொன்றும் தோன்றாத படமொன்றை நம்முன் வைப்பாராயின், "இது யாது?" என்னும் வினா நம் வாயினின்று முந்திப் புறப்படுகின்றது. கே. எம். ஆதிமூலத்தின் ஓவியங்களை எமக்குக் காட்டிய நண்பரிடம் யாமும் அங்ஙனமே வினவினோம்.

ஆதிமூலம் 1938-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிச் சீமையில், துறையூருக்கு அணித்தான கீராம்பூரிற் பிறந்தவர். படம் வரையும் வேட்கை மிக்கவராய்ச் சென்னை போந்த அவருக்குச் சிற்பி தனபால் வழிகாட்டினார். அரசினர் கலைப்பள்ளியிற் பயின்று 1966-இல் வெளிவந்தார். அந்நாளில் அப்பள்ளியின் தலைவர் கே. சி. எஸ். பணிக்கர், எழுத்தையும் சோதிடக் கட்டங்களையுமே ஓவியமாக்கி, இந்நாட்டுக்குரிய புதுநெறி யாதென்று தேடியவர். அத்தேட்டத்தின் காற்று மாணவர்மீதும் வீசிற்று.

ஆயினும் ஆதிமூலம் எடுத்தவுடனே உருவத்தைத் துறந்தாரல்லர். இதனை நகைப்போர் நன்கு கருதுதல் வேண்டும். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ஐ ஒட்டி, கறுப்பு மையால் அடிகளைப் பல்வேறு நிலைகளில் வரைந்தார். பின்னர் முடியும் அணியும் சிதைந்த மன்னர்களை வரைந்தார். "கசடதபற" முதலிய சிற்றிதழ்களோடு உறவுபூண்டு, நூல்களுக்குத் தமிழெழுத்தின் வடிவங்களைப் புதுக்கினார். கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி"க்கு அவர் இட்ட கோட்டுச் சித்திரங்களைக் கண்டு களித்த தமிழர் எத்துணையர்! ஒரு கோட்டினால் முதியவரொருவரின் கன்னக்குழியையும் தலைப்பாகையையும் காட்டவல்ல கை அது. வரையத் தெரியாமையால் வண்ணத்தை அள்ளிப் பூசினார் என்பார் வாய் இதனால் அடங்கும்.

அத்தகையவர், பின்னர் நெய்வண்ணத்தைத் தடிப்பாக அப்பி, மனிதனும் மரமும் வீடும் இல்லாத பெரும்படங்களைத் தீட்டலானார். அவை நிலக்காட்சி போல்வன. ஆனால் எந்நிலமென்று சுட்டலாகாதன.

தமிழ் பயில்வோர்க்கு இஃது அத்துணை அயலானதன்று என்பது எம் கருத்து. அகப்பொருளை முதல், கரு, உரி என வகுத்தனர் நம் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், உணா, மா, மரம், புள் முதலாயின கருப்பொருள். கருப்பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. ஆதலின் படத்தில் நாம் தேடுவது அதனையே. ஆதிமூலமோ கருவை முற்றும் நீக்கி, நிலத்தையும் பொழுதையும் மட்டுமே நிறுத்தினார். இலக்கண நூலார் இதனை ஒப்புவரோ அறியோம். எமக்கு இவ்வாறு கொள்ளவே அப்படங்கள் விளங்கின.

இதற்குச் சான்று எம் இல்லத்திலேயே கிடைத்தது. எமதூர் முத்தாண்டிக்குப்பம், செம்மண்ணும் முந்திரியும் பலாவும் மிக்க நாடு. எம் பாட்டியார் அவ்வூரிற் பிறந்தவரல்லர். நெய்வேலியில் 1957-இல் சுரங்கவேலை தொடங்கிய காலத்தில், நிலங்கொடுத்துப் பெயர்ந்த குடும்பங்களுள் ஒன்றிற் சிறுமியாயிருந்தவர். அவர் பிறந்த ஊர் இன்று இல்லை. விடுமுறைக்கு எடுத்துச் சென்ற ஓவியப் புத்தகத்தை ஒருநாள் அவர் மடிமீது விரித்தோம். சிவப்பும் காவியும் கீழே பரந்து, சாம்பல்நீலம் மேலே கவிந்த படமொன்றில் அவர் பார்வை நின்றது. "இது யாது?" என்று அவர் கேட்கவில்லை.

"மழ வரதுக்கு முன்ன எங்க கொல்ல இப்படித்தான்டா இருக்கும்," என்றார்.

அதில் முந்திரி ஒன்றுமில்லையே என்றோம். "அதெல்லாம்தான் போயிடுச்சே," என்று பக்கத்தைப் புரட்டினார்.

கண்டின்ஸ்கி என்னும் உருசிய ஓவியரின் வரலாற்றை இங்கே நினைத்தோம். 1896-இல் மாஸ்கோவில், பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய வைக்கோற்போரைக் கண்டு, அது போரென்று அறியாமலே அவர் மனம் நெகிழ்ந்தார்; பட்டியலைப் பார்த்த பின்னரே பெயர் தெரிந்ததாம். அங்கே பெயர் பின்னர் வந்தது. பாட்டியாருக்கோ பெயர்கள் யாவும் அழிந்தபின் நிறம் எஞ்சிநின்றது.

சுரங்கத்தின் விளிம்பினின்று நோக்குவோர்க்கு, செம்மண், வெளிறிய மணல், களி என அடுக்கடுக்காய் இறங்கி, அடியிற் பழுப்பு நிலக்கரி கறுத்துக் கிடப்பது தெரியும். அதுவும் மரமும் வீடும் நீங்கிய நிலமே. அழகில்லை என்றும் சொல்லற்கில்லை. எனினும் அதனைப் பார்க்கையில் எவருடைய கொல்லையும் எமக்கு நினைவில் எழுந்ததில்லை. ஓவியர் கருப்பொருளை நீக்கிய இடத்தில் நிலம் இருந்தது. இங்கே நிலமே நீங்கிற்று.

ஆதிமூலம் 2008 ஜனவரியிற் காலமானார். அவர் படங்களை யாம் அச்சிலன்றி நேரிற் கண்டதில்லை. அச்சில் வண்ணத்தின் தடிப்புத் தோன்றாதென்பர். பாட்டியார் அப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கு, எங்க மண்ணு சொரசொரன்னு இருக்கும்," என்றார். சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு நேருமாயின், மூலப்படம் ஒன்றன்முன் அவரை நிறுத்திக் கேட்க எண்ணியுள்ளோம்.