ஓசையடங்கிய கணினி

பத்திரிகைக்காரனுக்கு இரைச்சல் புதிதல்ல. கீழ்த்தளத்தில் அச்சியந்திரம் ஓட, மேல்தளத்தில் அமர்ந்து செய்தி எழுதியவர்கள் நாங்கள். தொலைநகலின் கீச்சொலி இல்லாவிட்டால் எழுத்தே ஓடாது என்று சொன்ன மூத்தவர்களையும் அறிவேன். அப்படிப்பட்ட ஒருவன் வீட்டுக் கணினிக்குள் சுழலும் ஒரு சிறு விசிறியைப் பற்றி வாரக்கணக்கில் யோசித்தான் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டுமல்லவா?

காரணம், ஒரு பெட்டி நிறைந்த ஒலிநாடாக்கள். தொண்ணூறுகளில் செய்தி தேடி அலைந்த வேளைகளில், சம்மாந்துறை, நிந்தவூர், மருதமுனை எனப் பல ஊர்களின் மூத்த பெண்கள் சொல்லிய கவிகளையும், தாலாட்டுகளையும், 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைப் புரட்டிய சூறாவளி பற்றிய நினைவுகளையும் பதிந்து வைத்திருந்தேன். அவற்றைக் கணினிக்கு மாற்றி, கேட்டு, எழுத்தில் வடிப்பதே இப்போது என் இரவு வேலை. பேசியவர்களுள் அநேகர் இன்று இல்லை. வெற்றிலை மென்றபடி தாழ்ந்த குரலில் சொன்ன சொல்லின் ஈறு விசிறி இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டால், ‘போனான்’ என்றாரா ‘போனாள்’ என்றாரா என்பதைச் சொல்ல இனி எவருமில்லை.

ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பழைய சொற்கள் பல எனக்கே விளங்குவதில்லை. உம்மா பக்கத்திலிருந்து கேட்டு, “மகன், அது அப்பிடியில்ல” என்று திருத்துவார். இருவர் சேர்ந்து கேட்பதற்கு ஒலிபெருக்கிதான் வேண்டும். ஒலிபெருக்கிக்கு அமைதியான அறை வேண்டும்.

என் கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-10400. அடிப்படை வேகத்தில் 65 வாற்று வெப்பத்தை அது வெளியிடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கூடவே வந்த குளிர்விப்பான் ஓர் அலுமினியத் துண்டும் அதன்மேல் ஒரு சிறு விசிறியும்தான். வேலை கூடினால் விசிறி உச்ச வேகத்திற்கு ஏறி, கொசு பெருத்து வண்டானது போல ரீங்கரிக்கும்.

கணினிகள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1989இல் வந்த 486 செயலியின் ஆரம்ப வகைகள் விசிறியே இல்லாமல் இயங்கின. வேகப்போட்டி முற்றி, 2004இல் வந்த ‘பிரெஸ்கொட்’ வகைப் பென்டியம் 4 செயலிகளுட் சில 115 வாற்றைத் தொட்டன. அவ்வழியில் அடுத்து வரவிருந்த ‘டெஹாஸ்’ என்ற செயலியை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டது. வேகத்தைக் கூட்டுவதை விட்டு, ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைக்கும் பாதைக்கு உலகம் திரும்பியதில் வெப்பத்துக்குப் பெரும் பங்குண்டு.

வெப்பத்தை ஓசையின்றி அகற்ற உதவுவது வெப்பக்குழாய். இதன் கருத்துக்கு 1944இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் கோக்லர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். 1963இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதைத் தனியே செய்து காட்டினார். மூடிய செப்புக் குழாய்க்குள் மிகக் குறைந்த அமுக்கத்தில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று மீண்டும் நீராகும். அரிக்கன் லாம்பின் திரி மண்ணெண்ணெயை உறிஞ்சி ஏற்றுவது போல, குழாயின் உட்சுவர் அந்நீரைத் திரும்ப அழைத்து வரும். இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை.

குழாய்கள் வெப்பத்தைப் பெரிய தகட்டடுக்குக்குக் கொண்டுபோனால், பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதி ஓசையாகப் படும். ஆக, 80 மில்லிமீற்றர் விசிறியை விரட்டுவதை விட 120 மில்லிமீற்றர் விசிறியை நடக்கவிடுவது புத்தி.

“மாமா, வாட்டர் கூலிங் போட்டா சத்தமே வராது” என்றான் மருமகன். நீரைச் சுற்றவிடும் பம்பிக்கும் ஒரு முனகல் உண்டு. பம்பி நின்றால் வேலையும் நின்றுவிடும். 65 வாற்றுக்கு அது கோழியறுக்கக் கோடரி தூக்குவது போலாகும். விசிறியே இல்லாத வகையும் உண்டு. ஆனால் அது நம் ஊருக்கு ஆகாது.

நம் ஊர் என்றேனே, அங்குதான் விடயம் இருக்கிறது. மாவடிப்பள்ளி காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், வயல்கள் சூழ்ந்த ஊர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் அறை பகலில் 34 பாகையில் நிற்கும். எந்தக் காற்றுக் குளிர்விப்பானும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஐரோப்பாவில் 21 பாகை அறையில் 55 பாகை காட்டிய செயலி, அதே வேலையை இங்கே செய்தால் 68ஐ ஒட்டி நிற்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் பதரும் தகடுகளுக்கிடையில் அடையும். கிழக்கே சில கிலோமீற்றரில் கடல். உப்புக் காற்றுக்குத் தப்ப, செப்பின் மேல் நிக்கல் பூசியிருப்பது நன்று. தகடுகள் மிக நெருக்கமாக இருந்தால் தூசு துடைப்பதே தொழிலாகிவிடும்.

முதலில் மனம் போனது 2005இல் தொடங்கிய ஒஸ்திரிய நிறுவனமான நொக்டுவாவின் மேல். இலத்தீனில் அப்பெயர் சிறு ஆந்தையைக் குறிக்கும். ஓசையின்றிப் பறக்கும் பறவை, பொருத்தமான பெயர்தான். ஆனால் 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டிய நாட்டில் ஓய்வை நெருங்கும் செய்தியாளனுக்கு ஆந்தை எட்டாத உயரத்தில் பறக்கிறது. நான்கு வெப்பக்குழாய்களும் ஒரு 120 மில்லிமீற்றர் விசிறியும் கொண்ட, நிக்கல் பூசிய தாய்வான் கோபுரம் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தேன்.

வாங்க எண்ணுவோர் மூன்றைப் பாருங்கள். தாய்ப்பலகையிலிருந்து பெட்டியின் பக்கக் கதவு வரை எத்தனை மில்லிமீற்றர் என அளவுங்கள். பல கோபுரங்கள் 155க்கு மேல் உயரமானவை. உங்கள் செயலியின் இருக்கைக்குரிய பொருத்திகள் கூட வருகின்றனவா என விசாரியுங்கள். எல்ஜிஏ 1200இன் துளை இடைவெளி 75 மில்லிமீற்றர், 1700இனது 78. விசிறியின் இணைப்பு நான்கு ஊசிகளுடையதா எனக் கவனியுங்கள். அப்போதுதான் வெப்பத்துக்கேற்ப வேகத்தை நன்கு அடக்கியாளலாம். ஏறி இறங்கும் ஓசையை விட ஒரே சீரான ஓசை காதை உறுத்தாது என்பதால், பயோஸில் வேகத்தை 70 பாகை வரை மாறாமல் வைத்திருக்கிறேன்.

இரவில் இப்போது என் அறையில் கேட்பது சுவர்க்கடிகாரமும் பல்லியும்தான். கடந்த கிழமை, சூறாவளியன்று தன் கூரை பறந்ததைச் சொல்லும் ஒரு மூதாட்டியின் நாடாவைக் கேட்டோம். அவர் பேச்சை நிறுத்துமிடத்தில் வெறும் நாடா ஓசை என்றே முன்பு நினைத்திருந்தேன். அவர் மெல்ல அழுதிருக்கிறார். உம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

இன்னும் 41 நாடாக்கள் மிச்சமிருக்கின்றன. மாதமொரு முறை தூரிகையால் தூசு தட்டிவிட்டால், அவற்றைக் கேட்டு முடிக்கும்வரை இந்த விசிறி ஈடுகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.