ஒரு சாவும் 500 கோடிச் சாவும்

எழுபது வயதுக்கு மேல் காமிக்ஸ் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு டின்டின் இருந்தான். மாயாவி தனி ஆள். டின்டினுக்குத் துணை என்றால் நாய்க்குட்டியும் குடிகார கேப்டனும்தான். ஆனால் ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் தங்கி, சண்டை போட்டுக்கொண்டு, சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் கதையை நான் படித்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான்.

பாரிசில் இருக்கும் பேரன் விடுமுறைக்கு வரும்போது ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தான். எக்ஸ்-மென் கதைகளில் 'கறுப்பு ஃபீனிக்ஸ்' என்னும் பகுதியின் பிரெஞ்சுத் தொகுப்பு. அமெரிக்காவில் 1980 சனவரி முதல் அக்டோபர் வரை மாதம் ஒன்றாக வந்த 129 முதல் 138 வரையிலான பத்து இதழ்கள். எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். படம் போட்டவர் ஜான் பெர்ன். கதையமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. பென்சில் கோட்டின் மேல் மை தீட்டியவர் டெரி ஆஸ்டின்.

எங்கள் பள்ளியில் எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் ஒரே முறைதான். முதலில் நிறை, அடுத்து குறை, கடைசியில் உன் முடிவு. 'தேஸ், ஆந்திதேஸ், சேந்தேஸ்' என்று வாத்தியார் கரும்பலகையில் மூன்று கோடு கிழிப்பார். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் நிறை. இந்தக் குழு பல தேசத்து மனிதர்கள் சேர்ந்தது. 1970-ல் எக்ஸ்-மென் விற்பனை சரிந்து, புதுக்கதை நின்று, பழைய கதைகளையே மறுபடி அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 1975-ல் லென் வெய்ன், டேவ் காக்ரம் என்ற இருவர் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவன், சோவியத் கூட்டுப்பண்ணையிலிருந்து ஒருவன், கனடாக்காரன் ஒருவன், கென்யாவிலிருந்து மழையையும் காற்றையும் ஏவும் ஒரு பெண். கனடாக்காரன் வோல்வரினுக்குப் பழைய பிரெஞ்சுப் பதிப்புகளில் 'செர்வால்' என்று பெயர். அது ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு குணம். பத்து பேர் நிற்கும் படத்தில்கூட யார் எங்கே, என்ன செய்கிறார் என்பது குழம்பாது. கூட்டத்தை வரைவது எவ்வளவு கடினம் என்று கையில் பென்சில் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

கதையும் வலுவானது. ஜீன் கிரே என்ற பெண் குழுவின் பழைய உறுப்பினர். பிறர் மனத்தைப் படிப்பவள். விண்வெளி விபத்து ஒன்றில் அவளுக்கு அளவு கடந்த சக்தி வந்துவிடுகிறது. ஒரு வஞ்சகன் அவள் மனத்துக்குள் பொய்க் காட்சிகளைப் புகுத்தி, அவளைத் தன் பக்கம் இழுக்கிறான். அவள் விழித்துக்கொண்டு அவனைத் தண்டிக்கும்போது, உள்ளே அடைத்து வைத்திருந்த சக்தி கட்டை அறுத்துக்கொள்கிறது. பசி தாங்காமல் தொலைவில் இருக்கும் ஒரு சூரியனை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கோளில் இருந்த 500 கோடிப் பேர் மாண்டுபோகிறார்கள்.

கடைசியில் நிலவில் ஒரு சண்டை. ஷியார் என்னும் விண்வெளிப் பேரரசின் அரசி அவளுக்கு மரண தண்டனை கேட்கிறாள். நண்பர்கள் அவளுக்காகப் போராடித் தோற்கிறார்கள். சக்தி மறுபடி தலைதூக்குவதை உணர்ந்த ஜீன், தன் கையாலேயே உயிரை முடித்துக்கொள்கிறாள்.

இந்த முடிவு முதலில் இப்படி இல்லை என்பதுதான் எனக்குச் சுவையான செய்தி. சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்புவதாக எழுதி, படமும் வரைந்துவிட்டார்கள். நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்பவில்லை. ஒரு கோள் நிறைய மக்களைக் கொன்றவளுக்கு இது தண்டனையே ஆகாது என்றார். அதனால் 137-ஆம் இதழின் முடிவை மாற்றினார்கள். அந்தப் பழைய முடிவும் 1984-ல் தனியாக அச்சில் வந்தது. எழுதியவர்களுக்கு அப்போது கசந்திருக்கும். ஆனால் இந்தக் கதை நாற்பது வருடம் தாண்டி நிற்பது அந்த ஒரு மறுப்பினால்தான் என்று நினைக்கிறேன்.

இனி குறை. தொகுப்பு நடுவில் தொடங்குகிறது. ஜீனுக்குச் சக்தி வந்தது 1976-ல், 101-ஆம் இதழில். வஞ்சகன் அவளைச் சுற்ற ஆரம்பித்ததும் 129-க்கு முன்பே. முதல் இருபது பக்கம் கிழிந்துபோன கோப்பைக் கையில் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொன்ன மாதிரி இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 138-ஆம் இதழில் ஜீனின் சவ அடக்கத்தின்போது காதலன் ஸ்காட் பழைய கதை முழுவதையும் நினைத்துப் பார்க்கிறான். முன்னால் வேண்டியது பின்னால் கிடைக்கிறது.

அடுத்தது பேச்சு. படத்தில் ஒருவன் சுவரை உடைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மேலே 'அவன் சுவரை உடைக்கிறான்' என்று எழுத்து. அவனும் 'சுவரை உடைக்கிறேன்' என்கிறான். மாதம் ஒன்று படித்தவர்களுக்கு உறுத்தியிருக்காது. பத்தையும் சேர்த்துப் படித்தால் அலுக்கிறது. 130-ஆம் இதழில் டாஸ்லர் என்ற பாடகி வருகிறாள். ஓர் இசைத்தட்டு நிறுவனத்தோடு சேர்ந்து வியாபாரத்துக்காகத் திட்டமிட்ட பாத்திரம் அது. கதையில் ஒட்டாமல் நிற்கிறது. வில்லி கோஷ்டிப் பெண்களின் உடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பேரன் பக்கத்தில் இருந்தபோது வேகமாகப் புரட்டினேன்.

ஆனால் பெரிய குறை வேறு. அந்த 500 கோடிப் பேருக்குப் புத்தகம் ஒதுக்கியது சில கட்டங்கள்தான். செடி போன்ற தலையோடு வானத்தைப் பார்க்கிறார்கள், வெளிச்சம் வருகிறது, முடிந்தது. ஜீன் ஒருத்தியின் சாவுக்கு ஒரு முழு இதழ்.

அலுவலகத்தில் ஒரு புயல் வருடம் நிவாரணப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. மேலே அனுப்ப வேண்டியது மொத்தம் மட்டும்தான். ஆனால் மொத்தம் போட ஒவ்வொரு வரியாகக் கூட்ட வேண்டுமே. பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. மறுநாள் செய்தித்தாளில் அந்த எண்ணைப் பார்த்தபோது, ஊரே படிக்கும் எண்ணும் நான் கூட்டிய வரிகளும் ஒன்றல்ல என்று தோன்றியது. ஷூட்டர் செய்தது மொத்தத்தை மறக்க விடாததுதான். வரிகளை யாரும் காட்டவில்லை.

"தாத்தா, அவ மேல தப்பு இல்லையே, அவன்தானே அவ மனசைக் கெடுத்தான்?" என்று பேரன் கேட்டான். கெடுத்தது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்தவர்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லையே என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஜீனும் அப்படித்தான் நினைத்திருப்பாள் போல என்றான். எனக்குத் தோன்றாத பதில் அது. அவள் மற்றவர்களைவிட நேர்மையானவளாகத் தெரிந்தது அப்போதுதான்.

இதை அந்த நிறுவனமே பிறகு கெடுத்துக்கொண்டது. 1986-ல் ஜீன் உயிரோடு திரும்பினாள். கொன்றதும் செத்ததும் அவள் அல்ல, அவள் உருவெடுத்த ஒரு சக்தியாம். உண்மையான ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். 500 கோடிப் பேர் மட்டும் திரும்பவில்லை. நம் வயதில் மாதத்துக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போகிறோம். போனவர் யாரும் கடலடியிலிருந்து எழுந்து வருவதில்லை. இளைஞர்களுக்கு அந்தத் திருப்பம் சந்தோஷமாக இருக்கலாம். எனக்கு அது சாவையே கேலி செய்வதாகத்தான் பட்டது.

முடிவாகச் சொல்கிறேன். பேச்சு அதிகம், தொடக்கம் இல்லை, இருந்தாலும் படிக்க வேண்டிய புத்தகம். சூரியன் அணையும் பக்கம் வந்தால் உடனே திருப்பாதீர்கள். கொஞ்சம் நின்று, அந்தச் செடித்தலைக்காரர்களை ஒருமுறை பாருங்கள். அடுத்த விடுமுறைக்கு இதன் தொடர்ச்சியைக் கொண்டு வரட்டுமா என்று பேரன் கேட்டான். 138-க்குப் பிறகு எதுவும் வேண்டாம், 129-க்கு முன்னால் இருப்பதைக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.