பஞ்சு பற்றிக்கொள்ளும் சார்!

சென்னையில் பனி ஏது? எங்கள் ஆபீஸ் கிறிஸ்துமஸ் மரத்தில் பெய்வதெல்லாம் மெடிக்கல் ஷாப் பஞ்சுதான். பக்கத்திலேயே மெழுகுவர்த்தியை ஏற்றினால்? இந்தப் பனி உருகாது, பற்றிக்கொள்ளும்!

அடுத்தது ப்ளக். 6 ஆம்பியர் சாக்கெட், 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட். காபிக்கு வைக்கிற கெட்டில் ஒன்றே பெரும்பாலும் 1500 வாட். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சீரியல் செட்டையும் சொருகினால் வயருக்கு வேர்க்காதா?

"வயர்ல தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க தம்பி. மெயினை அணைச்சுட்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடுங்க" என்பார் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

போன வருஷம் மரத்தை மாடிப்படி வாசலில் நிறுத்தப் பார்த்தார்கள். தடுத்தேன்.

"நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றார் மானேஜர்.

"நல்லாத்தான் இருக்கு சார். தீப்பிடிச்சா எண்பது பேரும் அந்த வழியாத்தானே ஓடணும்?"

மரம் மூலைக்குப் போனது. கேக்கில் எனக்குத்தான் பெரிய துண்டு!