கிளை கழிக்கிற கூலி

லண்டன்



இங்கே இலையுதிர் காலம் முடிகிற வாரம். மரம் கழிக்கும் நிறுவனங்களின் துண்டுச்சீட்டுகள் வாசலுக்கு வாசல் விழுகின்றன. நடுத்தர மரம் ஒன்றைக் கழிக்கச் சில நூறு பவுண்டு. கூரைமேல் கவிந்த பெரிய ஓக் என்றால் ஆயிரத்தையும் தாண்டும். ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற நம் மண்டகப்பட்டுக்காரர்களுக்கு மூச்சடைக்கும். அந்தத் தொகையில் ஒரு பங்கு அநியாயம் என்றே நினைக்கிறேன். இன்னொரு பங்கு நாமும் கொடுத்திருக்க வேண்டியது. கொடுக்காமலே காலம் தள்ளுகிறோம்.

அநியாயத்தை முதலில் சொல்கிறேன். வெட்டிய தழையைப் பொடியாக்கி அள்ளிப்போகவும் இங்கே காசு. நம்மூரில் வேம்பு கழித்தால் தழை தரையில் படுமுன் ஆடுகள் வந்து நிற்கும். சுள்ளி அடுப்புக்கு, நேரான கொம்பு பந்தலுக்கு. குப்பை என்று எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர் விதி விசித்திரமாகத்தான் இருக்கும். பாதுகாப்புப் பகுதி என அறிவித்த தெருவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தை அளக்க வேண்டும். குறுக்களவு 75 மில்லிமீட்டரைத் தாண்டினால், சொந்தத் தோட்டத்து மரமானாலும் கிளையில் கை வைக்க ஆறு வாரம் முன்பே நகர மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ந்த கிளைக்கு விலக்கு உண்டு. மன்றம் தடுக்க நினைத்தால் அந்த ஆறு வாரத்துக்குள் பாதுகாப்பு ஆணை போட வேண்டும், போடாவிட்டால் வெட்டலாம். தெரிவிக்காமல் வெட்டினால் குற்றம். தெருவெல்லாம் நிழல் நிற்பதே இந்த விதியால்தான் என்று இங்குள்ளவர்கள் வாதாடுவார்கள். ஆனால் ஷெஃபீல்டு நகரில் 2012-ல் தொடங்கிய சாலை ஒப்பந்தத்தின் கீழ் நகர மன்றமே ஆயிரக்கணக்கான தெரு மரங்களை வெட்ட விட்டதே! அதை நிறுத்தியது மரத்தடியில் போய் நின்ற மக்கள்.

ஆனால் மரத்தில் ஏறுகிற ஆளைப் பார்த்தால் என் வாதம் மாறிவிடுகிறது. அவர் இடுப்புக் கச்சையில் இரண்டு கயிறு, இரண்டும் தனித்தனி இடத்தில் கட்டியவை. ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். ரம்பம் காலில் பட்டால் அதன் சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் கால்சட்டை. கீழே ஒருவர் அண்ணாந்தபடியே நிற்பார். உயரத்தில் செய்யும் வேலைக்கென்று 2005-ல் வந்த விதிகள் இருக்கின்றன, காப்பீடும் உண்டு. துண்டுச்சீட்டில் உள்ள தொகையில் இத்தனையும் அடக்கம். நம்மூரில் புளியமரம் ஏறுபவருக்கு வெறுங்கால், இடுப்பில் செருகிய அரிவாள். கயிறு ஒன்று உண்டு. அது கூரை ஓடு உடையாமல் கிளையைக் கட்டி இறக்க. ஏறினவரைக் கட்ட ஒரு முழக் கயிறு கிடையாது.

விறகை அவரே எடுத்துக்கொள்கிறாரே, பிறகென்ன கூலி என்று கேட்பவர்கள் உண்டு. கேஸ் அடுப்பு வந்த பிறகு வேப்பங்கிளைக்குப் பழைய விலை ஏது? கூலிக்கு ஏழை வீட்டுக்காரர் எங்கே போவார் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நம் விழுப்புரம் மாவட்டம் மறந்திருக்காது. சாய்ந்த மரத்தை அவசரத்தில் அறுக்கிற செலவும் உடைந்த ஓட்டின் செலவும் ஆவணியில் கிளை கழிக்கிற கூலியைவிட எப்போதும் அதிகம். நூறு நாள் வேலைக்கே 2025-ல் தமிழ்நாட்டின் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. உயிரைப் பணயம் வைத்து ஏறுபவரிடம் அதன் இரண்டு மடங்குக்குக்கூடப் பேரம் பேசுவது தகாது. தென்னை ஏறுபவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. வேம்பும் புளியும் ஏறுபவருக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று நம் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம். அது வரும்வரை கச்சைக்கும் இரண்டாவது கயிற்றுக்கும் ஆகிற பணத்தை வீட்டுக்காரர்தான் கூலியோடு சேர்த்துத் தர வேண்டும்.