விக்கிரவாண்டியில் வாயைத் திறந்த வண்டி

சென்னையிலிருந்து தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்தைத் தாண்டினால், மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டு. அடுத்த பெரிய ஊர் விக்கிரவாண்டி. ஆம்னி பஸ் பயணிகளுக்கு இது நள்ளிரவு டீ குடிக்கிற இடம். கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்கள் திருச்சி சாலையை விட்டுப் பிரிவதும் இங்கேதான். நம்மைப் போன்றவர்களுக்கு வீடூர் அணைப் பாசனமும், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டும் கரும்பு டிராக்டர்களும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

போன கோடையில் அந்த ஊரில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் சென்னையில் பழைய மினி லாரி வாங்கினார். பலாப்பழத்தையும் முந்திரியையும் வாடகை வண்டியில் ஏற்றியே கிடைப்பதில் பாதி போகிறது என்பது அவருடைய பல வருட வருத்தம். மனைவியின் நகையை அடகு வைத்த பணம் அது. லீவு நாள் என்பதால் நானும் துணைக்குப் போயிருந்தேன். அவருடைய மச்சான்தான் ஓட்டினார்.

வழியெல்லாம் அவருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க சார், இவ்வளவு தூரம் வந்தும் சூடு முள்ளு ஏறவே இல்ல" என்றார். சுங்கச்சாவடி வரிசையில் கால் மணி நேரம் ஊர்ந்தோம். மச்சான் திடீரென்று மூக்கை உறிஞ்சினார். ஏதோ கருகுகிற மாதிரி இனிப்பு வாடை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். அடியிலிருந்து ஆவி புசுபுசுவென்று வந்தது. முள் அப்போதும் படுத்தேதான் கிடந்தது.

1033க்கு அழைத்தோம். தேசிய நெடுஞ்சாலையில் எந்த நேரத்தில் வண்டி நின்றாலும் இந்த எண்ணைக் கூப்பிடலாம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு வண்டி வந்து எங்களைப் போக்குவரத்திலிருந்து இழுத்துவிட்டது. விற்றவருக்கும் போன் போட்டோம். "என் வாசல்ல இருந்து ஓடித்தானே வந்துச்சு?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

வீட்டில் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்த மனைவி நான்கு முறை கூப்பிட்டார். நான்கு முறையும், "டீ குடிச்சிட்டிருக்கோம், வந்துடுவோம்" என்றார் விவசாயி. பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வந்த மெக்கானிக் அறுபது வயதுக்காரர். முதலில் அவர் சொன்னது, "ரேடியேட்டர் மூடியில யாரும் கை வைக்காதீங்க." இன்ஜின் ஆறும்வரை அரை மணிக்கு மேல் சும்மா நின்றார். பிறகு திறந்து பார்த்தால் கூலன்ட் என்ற பேச்சே இல்லை. வெறும் போர் தண்ணீர். குழாய்களில் உப்பு கட்டியாக அடைத்திருந்தது. சொட்டுநீர்க் குழாயில் துளையை அடைக்கிறதே, அதே உப்புதான். நமக்கு ஆசிட் விட்டு அலசத் தெரியும். வண்டிக்கு யார் பார்க்கிறார்கள்? ஃபேன் பெல்ட்டும் வெடித்துத் தளர்ந்திருந்தது. வெப்பமானியின் ஒயரை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். முள் ஏறாத காரணம் அப்போதுதான் தெரிந்தது.

"சென்னையில பத்து கிலோமீட்டர் ஓடி நிக்கிற வண்டிண்ணே இது. நோய் வெளியே தெரியாது. நூறு கிலோமீட்டருக்கு மேல ஒரே மூச்சா ஓடி, டோல் வரிசையில காத்து இல்லாம நிக்கும்போதுதான் வாயைத் திறக்கும். இங்க அப்படி எத்தனையோ வந்திருக்கு" என்றார். இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருக்கும் என்றும் சொன்னார். மச்சானின் மூக்குதான் இன்ஜினைக் காப்பாற்றியது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய் நில்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படலாம். பாரம் ஏற்றி முப்பது கிலோமீட்டராவது ஓட்டி, பிறகு நிறுத்தாமல் கால் மணி நேரம் அப்படியே உறும விடுங்கள். முள் மெல்ல ஏறி நடுவில் நிற்க வேண்டும். ஏறாமலே கிடப்பதும் கோளாறுதான். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் வெயிலில் வெடிக்கும். சீட்டைத் தூக்கி, மிதியடியைப் புரட்டிச் சேறு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் எத்தனை வண்டிகள் வெள்ளத்தில் நின்றன! 2024 ஃபெஞ்சல் புயலில் நம் விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. நனைந்த ஒயரிங் ஓரிரு வருடம் கழித்தும் காலை வாரும்.

மறுநாள் மதியம்வரை வேலை நடந்தது. செலவு எட்டாயிரத்தைத் தாண்டியது. கோலியனூர் வழியாகப் பண்ருட்டிச் சாலையில் நாற்பதைத் தாண்டாமல் போனோம். இப்போது முள் ஒழுங்காக நடுவில் நின்றது. விவசாயி சாலையைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி வீடு வந்த பிறகும் காகித வேலை இருக்கிறது. படிவம் 29, 30-ல் விற்றவர் கையெழுத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். பழைய கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் தேவை. இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம், ஆர்.சி. மாற்றத்துக்கு வாங்கியவருக்கு 30 நாள். அவர் மூன்றாம் நாளே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்றார், பின்னால் இரண்டு பலாப்பழம் ஏற்றிய அதே வண்டியில் போய்.